நூற்று இருபத்திரண்டு

சுவரொட்டியில் என் பெயர் சாம் பாங்.
ரேஷன் அட்டையில் சம்பங்கி,
த/பெ திம்மராயன், பழையபேட்டை, கிருஷ்ணகிரி.
இரண்டு பெயருக்கும் நடுவே
தொண்ணூறு கிலோமீட்டர், சுங்கச்சாவடிகள்,
சூளகிரி மேட்டில் மூச்சு வாங்கும் லாரிகள்.

ஹவுஸ் மியூசிக் என்றேன் வங்கியில்.
"வீட்டுக் கடனா, தொழில் கடனா?"
தொழில்தான் சார்.
நிமிடத்துக்கு நூற்று இருபத்திரண்டு அடி,
நான்கு நான்காக,
விடியும்வரை யாரும் உட்காராமல்
பார்த்துக்கொள்ளும் தொழில்.
படிவத்தில் 'இதர' என்று எழுதிக்கொண்டார்.

காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவருக்குச்
சட்டென்று புரிந்துவிட்டது.
வீட்டு இசைதானே, புதன்கிழமை
நம்ம வீடு கிரகப்பிரவேசம், வந்துடுங்க.
நாலரைக்கு ஹோமம்,
ஐந்துக்குப் பசுவும் கன்றும்,
ஐந்தேகாலுக்கு நான்.
ஸ்பீக்கர் தவணை ஐந்தாம் தேதி. போனேன்.
பேஸைத் திறந்ததும்
பால் பானை அடுப்பின்மேல் இரண்டு அடி நடந்தது.
பொங்கிடுச்சு பொங்கிடுச்சு என்று கை தட்டினார்கள்.
கன்றுக்குட்டி ஆடியதாக
இன்றும் அந்தத் தெருவில் பேச்சு.
அது மிரண்டது.
எனக்குத் தெரியும், கன்றுக்கும் தெரியும்.

பெங்களூரில் எனக்குத் தந்தது
ஞாயிறு மாலை ஆறு மணி.
ஆறு மணிக்கு யாரும் வருவதில்லை.
காலித் தரைக்கு வாசிப்பதில்
என்னை மிஞ்ச ஆளில்லை என்பேன்.
ரகசியம் இதுதான்:
ஐஸ் உடைக்கிற பையனைப் பார்த்து வாசி.
அவன் கை அடிக்குள் வந்துவிட்டால்
இரவு பிழைத்தது.
ஒன்பது வருடத்தில் நான்கு பையன்கள் மாறினார்கள்.
பிறகு எனக்குப் பதினொரு மணி கிடைத்தது.
நடுவில் எப்போதோ
இடது காதுக்குள் ஒரு ஈ நுழைந்தது.
இன்னும் வெளியே வரவில்லை.
டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார்,
மருந்து சொல்லவில்லை.

அந்த ஒரு தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மே தினத்துக்கு மைக் கட்டப் போயிருந்தேன்,
மாம்பழக் கூழ் ஆலைக்கு.
பெல்ட்டில் டின்கள் வரிசையாய் வர
எல்லம்மாள் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தாள்.
டிங். டிங். டிங்.
நடுவே ஒன்று: டொப்.
அந்த டொப்பில்
வயிற்றுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.
போனில் பிடித்தேன்.
அவள் கையின் வேகத்தை அளந்தேன்:
நூற்று இருபத்திரண்டு.
எனக்குள் பிறந்தது என்று நினைத்திருந்த எண்
சூப்பர்வைசர் பெல்ட்டுக்கு வைத்தது.

டொப்பை அடியில் வைத்து
ஏழு நிமிடம் பத்து வினாடி கட்டினேன்.
ரோட்டர்டாமில் ஒரு லேபிள்
முந்நூறு தட்டு அச்சடித்தது.
மழையில் நனைந்த ஏதோ கிடங்கில்
ஆயிரம் பேர் அதற்குக் குதிக்கும் வீடியோ வந்தது.
பணம், ஆறு மாதத்துக்கு, நாற்பத்தொரு யூரோ.

பாதியை ரூபாயாக்கி
ஷிஃப்ட் முடியும் நேரம் கேட்டில் நின்றேன்.
ஹெட்போனை அவளே மாட்டிக்கொண்டாள்,
தலையில் கட்டிய துணிக்கு மேலேயே.
நாற்பது வினாடி. முகம் சுருங்கியது.
"நிறுத்து.
இது காத்து புகுந்த டப்பா.
நான் கழிச்சுப் போட்டது.
இதையா வெளிநாட்டுக்கு அனுப்பினே?"

ஆமாம் என்றேன்.

"யாரும் திருப்பி அனுப்பலையா?"

பணத்தை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு
உள்ளே போய் ஒரு டின்னோடு வந்தாள்.
"நல்ல சத்தம் இது. எடுத்துக்கோ."
போனை நீட்டினேன்.
டிங்.
பிசிறில்லாமல், மூடி கச்சிதமாக இறுகிய ஒலி.

'எல்லம்மாள் நல்லது' என்று
பெயரிட்டு வைத்திருக்கிறேன் அந்தக் கோப்பை.
இதுவரை பதினாறு பாட்டு செய்துவிட்டேன்.
எதிலும் உட்கார மாட்டேன் என்கிறது.